டர்பனிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம்? வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போகலாம். போன வருடம் என் மனைவியின் ஆயாவை, அதாவது பாட்டியை, நாங்கள் அழைத்துப் போய் வந்தோம். அவருக்கு வயது 78, முழங்கால் வலி, சர்க்கரை எல்லாம் உண்டு.

டர்பன் கிங் ஷாக்கா விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் நேர்கோடு போட்டால் சுமார் 7,080 கிலோமீட்டர். மடகாஸ்கரைத் தாண்டியபின் பெரும்பாலும் கடல்தான். தூரம் காட்டும் தளங்கள் இதை வைத்து ஒன்பது மணி நேரம் என்று கணக்குச் சொல்லும். அதை அப்படியே அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். நேர்கோட்டில் பறக்கும் விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் ஆகவேண்டும்.

நாங்கள் துபாய் வழியாகப் போனோம். டர்பனிலிருந்து துபாய் சுமார் 6,600 கி.மீ., எட்டரை மணி நேரம். அங்கிருந்து சென்னை 2,900 கி.மீ., நான்கு மணி நேரம். ஆக 9,500 கி.மீ. மாலை ஏழு மணிக்கு டர்பனில் கிளம்பி, துபாயில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்து, மறுநாள் பிற்பகல் மூன்றேகால் மணிக்குச் சென்னையில் இறங்கினோம். அப்போது டர்பனில் மணி பதினொன்றே முக்கால்தான், இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதாவது கிளம்பியதிலிருந்து பதினாறே முக்கால் மணி நேரம். கிங் ஷாக்கா நகரத்துக்கு வடக்கே 35 கி.மீ. தள்ளி இருப்பதால் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் போய் மாறினால் டிக்கெட் சில நேரம் மலிவாக இருக்கும். ஆனால் அது கிழக்கே போக வேண்டியவர்கள் முதலில் வடமேற்கே 480 கி.மீ. போவது. அங்கிருந்தும் இன்னோர் ஊரில் மாற வேண்டியிருக்கும். இளவட்டம் போகட்டும், அம்மாவுக்கு வேண்டாம்.

துபாயில் ஒன்றரை மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட்டும் கிடைத்தது, நாங்கள் எடுக்கவில்லை. வயதானவர்களுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். நன்றாக நடப்பவராக இருந்தாலும் சொல்லுங்கள், அந்த நிலையத்தில் நடை அதிகம். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கினோம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது மிக முக்கியம்.

அப்புறம் இருக்கை. இரவுப் பயணத்துக்கு ஓரத்து நடைவழி இருக்கை எடுங்கள், எழுந்து கழிவறைக்குப் போக வசதி. ஆனால் துபாயிலிருந்து பகலில் போகும் விமானம் என்றால் ஜன்னல் இருக்கைதான். ஆயாவின் தாத்தா சென்னையில் கப்பல் ஏறி வந்தவர். அப்படி ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றி வந்த முதல் கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபரில் அங்கே கிளம்பி, நவம்பர் 16ஆம் தேதிதான் டர்பன் வந்து சேர்ந்தது. கடைசி அரை மணி நேரம் ஆயா ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. கீழே ஏரிகள் தெரிந்ததும் என் கையைப் பிடித்து, “இதுவா நம்ம ஊரு?” என்று கேட்டார்.