எருமை மரபணு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: அனுப்பலாமா?

கால்நடை மருத்துவம் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், முதுகலையில் அறுவை சிகிச்சையோ மகப்பேறியலோ எடுக்காமல் விலங்கின மரபியல் எடுத்து, எருமை இனங்களின் டிஎன்ஏவில் வேலை செய்யப் போவதாகச் சொல்கிறாள். வைத்தியம் பார்த்தால் வருமானம் நிச்சயம், எருமையின் மரபணுவை அளந்து யாருக்கு என்ன பயன், இதில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் அது எப்படிப்பட்ட வேலை என்பதை நீங்கள் இருவரும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்து மெஷினை ஓட்டும் வேலை என்று நம்பிச் சேர்கிறவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் திணறுகிறார்கள்.

பயன் என்ன என்பதை ஒரு கணக்கிலேயே காட்டிவிடலாம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிட்டத்தட்ட 10.98 கோடி எருமைகள் உள்ளன. ஆனால் தலையை எண்ணினால் இனத்தின் ஆரோக்கியம் தெரியாது. ஒரு மலைப்பகுதியில் 200 பெண் எருமைகளும் இனப்பெருக்கத்துக்கு 5 கிடாக்களும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். செயல்திறன் எண்ணிக்கை என்று மரபியலில் ஒன்று உண்டு: ஆண், பெண் எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 4000-ஐ 205-ஆல் வகுத்தால் 19.5. அதாவது 205 எருமைகள் இருந்தும், மரபியல் கணக்கில் அவை சுமார் 20 எருமைகளுக்குத்தான் சமம். தலைமுறைக்கு ஏறக்குறைய 2.5 சதவீதம் உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுவது, ஏறும். சினை பிடிக்காமை, கன்று இறப்பு என்று அதன் விளைவு பின்னால் வரும். நீலகிரியில் தோடர்கள் மந்து எனும் தங்கள் குடியிருப்புகளில் வளர்க்கும் தோடா எருமையும், ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலை எருமையும் சிறிய பரப்புக்குள் அடங்கிய இனங்கள் என்பதால் இந்தக் கணக்கு அவற்றுக்கு மிக முக்கியம். எந்தக் கிடாவை எங்கே மாற்றிவிடுவது, எவற்றின் உறைவிந்தைச் சேமித்து வைப்பது என்ற முடிவுகளுக்கு டிஎன்ஏ அளவீடுதான் அடிப்படை.

இனி வேலைக்கு வருவோம். ஆய்வின் தரம் மாதிரி எடுக்கும் இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஓர் இனத்துக்கு 40 முதல் 50 எருமைகள் வேண்டும். அவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவையாக இருக்க வேண்டும். தாய் தகப்பன் மட்டுமல்ல, பாட்டன் பாட்டி வரைக்கும் பொதுவாக இருக்கக் கூடாது. எனவே ஒரு மந்தைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. வளர்ப்பவரிடம் உட்கார்ந்து பேசி, எந்தக் கிடாவுக்குப் பிறந்தது, கன்றாக எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சாலையோரக் கிராமம் ஒன்றில் ஒரே நாளில் 40 குழாய் இரத்தம் எடுத்துத் திரும்பினால், பிறகு எவ்வளவு விலை உயர்ந்த கருவியில் ஓட்டினாலும் அந்த ஆய்வு தேறாது.

இரத்தம் கழுத்துச் சிரையில் 5 முதல் 10 மில்லி, இரத்தம் உறையாமல் காக்கும் இடிடிஏ குழாயில். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் வினையையே தடுக்கும். எடுத்தவுடன் குழாயைக் குலுக்காமல் மெதுவாக ஏழெட்டு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடைந்து, அதிலிருந்து வரும் ஹீமும் பின்னால் பிசிஆருக்குத் தொல்லை தரும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் ஆய்வகம் வந்து சேர வேண்டும். குழாயின் மேல் எண்ணைப் பென்சிலாலோ அழியாத மையாலோ எழுத வேண்டும். சாதாரண மை ஐஸ் நீரில் கரைந்து, யாருடையது என்று தெரியாத பத்துக் குழாய்கள் மிஞ்சுவது நடக்கிற விஷயம்தான்.

ஆய்வகத்தில் புரோட்டினேஸ் கே, பீனால், குளோரோபார்ம் முறையில் டிஎன்ஏ பிரித்து, தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8-ஐ ஒட்டி இருக்கிறதா, 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் சிதையாமல் ஒரே பட்டையாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மைக்ரோசாட்டிலைட் மார்க்கர்கள், அதாவது சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ அடையாள இடங்கள். உலக உணவு வேளாண் அமைப்பு எருமைக்கென 30 மார்க்கர்களைப் பரிந்துரைத்திருக்கிறது. அவற்றில் பல, பசு மாட்டின் டிஎன்ஏவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டவை. எருமையிலும் வேலை செய்யும். ஆனால் ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடத்தில் எருமையின் எழுத்து மாறியிருந்தால் ஓர் அல்லீல் (அந்த மார்க்கரின் ஒரு வடிவம்) பெருகாமலே போகும். அதை வெற்று அல்லீல் (null allele) என்பார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய ப்ரைமரால் பெருக்கி, கேப்பிலரி கருவியில் நீளத்தை அளப்பார்கள். அதில் உண்மையான சிகரத்துக்கு முன்னால் இரண்டு எழுத்து குறைவாகச் சின்னச் சிகரங்கள் எழும். அனுபவமில்லாதவர் அதையும் ஓர் அல்லீலாக எண்ணிவிடுவார். கருவி மாறினால் நீளமும் ஒன்றிரண்டு எழுத்து நகரும். எனவே ஒவ்வொரு தட்டிலும் ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரே மாதிரியை ஓட்டித்தான் ஆக வேண்டும். இதைச் செய்யாத ஆய்வின் தரவை இன்னொரு ஆய்வகத்தின் தரவோடு சேர்க்கவே முடியாது.

மகளின் மூளை உண்மையில் தேவைப்படும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. ஒரு மார்க்கரில் மூன்று அல்லீல்கள், மந்தையில் அவற்றின் விகிதம் 0.5, 0.3, 0.2 என்றால் எதிர்பார்க்கும் ஹெட்டரோசைகோசிட்டி 0.62. அதாவது நூறில் 62 எருமைகள் இரு வேறு அல்லீல்களைச் சுமக்க வேண்டும். நேரில் பார்த்தது 0.48 மட்டும்தான் என்றால், பற்றாக்குறை (0.14-ஐ 0.62-ஆல் வகுத்தால்) சுமார் 0.23. பலர் உடனே "உள்ளினச் சேர்க்கை அதிகம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது அவசரம். உள்ளினச் சேர்க்கை என்றால் 30 மார்க்கரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பற்றாக்குறை தெரிய வேண்டும். இரண்டு மூன்றில் மட்டும் தெரிந்தால் வெற்று அல்லீலைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு மந்தைக் கூட்டங்களை ஒரே இனம் என்று சேர்த்து எண்ணினாலும் இதே பற்றாக்குறை வரும். அதை வால்லுண்ட் விளைவு என்பார்கள், மந்தைகளைத் தனித்தனியே கணக்கிட்டால் மறைந்துவிடும். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்தான் மரபியலாளர். குழாயில் திரவம் ஊற்றுவதை யாரும் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மைக்ரோசாட்டிலைட் ஒன்றையே நம்பி இருக்கவும் வேண்டாம். டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் மாறும் இடங்களை ஆயிரக்கணக்கில் ஒரே ஓட்டத்தில் படிக்கும் எஸ்என்பி சிப் பக்கம் வேலை நகர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எருமைக்கு 90 ஆயிரம் மார்க்கர் கொண்ட ஆக்சியம் சிப் இருக்கிறது. மத்திய அரசின் மகிஷ் சிப் 2024 அக்டோபரில் வெளியானது. சிப்பிலும் ஒரு பொறி உண்டு. ஆக்சியம் சிப்புக்கான மார்க்கர்களை முர்ரா, ஜாபராபாடி, நீலி ராவி, மத்தியதரைக்கடல் எருமைகளிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். அதில் தோடாவை ஓட்டினால், தோடாவுக்கே உரிய வேறுபாடுகள் பட்டியலிலேயே இல்லாததால் அதன் பன்மை குறைவாகத் தெரியும். இதை உணராமல் "தோடாவில் பன்மை குறைந்துவிட்டது" என்று எழுதினால், பாதுகாப்புத் திட்டமே தவறான பாதையில் போகும். அதனால் இப்போதே புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) கணினி மொழியும் லினக்ஸ் கட்டளைகளும் கற்கச் சொல்லுங்கள். பயிற்சி மருத்துவ ஆண்டில் வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

வேலைவாய்ப்புக்கு வருகிறேன். முதலில், பட்டம் முடிந்ததும் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துவிடட்டும். டிஎன்பிஎஸ்சி வழியாக வரும் கால்நடை உதவி மருத்துவர் பணிக்கான தகுதி அவளிடம் எப்போதும் இருக்கும். மரபியல் எடுப்பதால் அது பறிபோகாது. உங்கள் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. அதற்கு மேல், கால்நடைப் பல்கலைக்கழக ஆசிரியப் பணி, அரியானாவில் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வள அமைப்பு, ஹிசாரிலுள்ள மத்திய எருமை ஆராய்ச்சி நிறுவனம், இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் என்று ஆராய்ச்சிப் பாதை இருக்கிறது. ஆனந்திலுள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தில் மரபணுத் தேர்வு வேலை நடக்கிறது. உறைவிந்து நிலையங்களில் கிடாக்களின் பெற்றோரை உறுதிசெய்யவும் இதே மார்க்கர்கள்தான் தேவை. வனவிலங்குத் தடயவியலுக்கும் இந்தத் திறமை அப்படியே பொருந்தும்.

காலத்தை மறைக்கக் கூடாது. இளங்கலை ஐந்தரை ஆண்டு, முதுகலை இரண்டு, முனைவர் பட்டம் குறைந்தது மூன்று. நிரந்தர ஆராய்ச்சிப் பணி என்றால் 29, 30 வயது ஆகிவிடும். இடைக்காலத்தில் தகுதித் தேர்வு எழுதி ஜூனியர் ஆராய்ச்சியாளர் உதவித்தொகை பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. திட்டப் பணிகளோ இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். அதை நம்பி வீட்டுக் கடன் எடுக்க முடியாது. முதுகலையின் முடிவில் மருத்துவர் பணிக்கான தேர்வையும் எழுதிவைக்கட்டும் என்பேன்.

உயிரித்தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளும் இந்தத் துறைக்கு வரலாம். ஆனால் கால்நடைத் துறையின் பல பதவிகள் கால்நடை மருத்துவப் பட்டத்தைக் கேட்கும். விண்ணப்பிக்கும் முன் அறிவிக்கையில் பாடப்பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும்.

முதுகலைக்கு இடம் கிடைத்ததும் வழிகாட்டியை முடிவு செய்யும் முன், மகள் மரியாதையாகவே சில கேள்விகளைக் கேட்கட்டும். மாதிரி எடுக்கப் போக வண்டியும் நிதியும் இந்த ஆண்டே கையில் உள்ளதா? ஃப்ரீசரில் ஏற்கெனவே சேகரித்த டிஎன்ஏ இருக்கிறதா? இல்லாவிட்டால், மலையில் மழைக்காலம் போக மிஞ்சும் மாதங்களில் 50 எருமைகளைத் தேடிப் பிடிக்கவே ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி போய்விடும். கேப்பிலரி ஓட்டம் வெளியே அனுப்பித்தானே செய்கிறார்கள், அப்படியானால் மூலத் தரவு மாணவர் கைக்கு வருமா, அல்லது முடிவு அட்டவணை மட்டுமா? வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி போகிறதென்றால், 2002 உயிரியல் பன்மைச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் அனுமதி வாங்கியாயிற்றா? மூலத் தரவை மாணவர் கையில் தராத இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், அடுத்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.