மாரடைப்பு வந்த 42 வயது அக்காவுக்கு ஸ்டென்ட் வேண்டாம் என்கிறார் டாக்டர். நம்பலாமா?

இதய ரத்தக்குழாய் தானாகக் கிழிந்தது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நம்பலாம். எனக்கும் அதேதான். "ஸ்டென்ட் வைக்காம என்ன ஆஸ்பத்திரி?" என்று உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா கிளம்பியிருப்பார்.

எனக்குச் சுகர் இல்லை, பிரஷர் இல்லை, கொழுப்பும் இல்லை. நெஞ்சில் பாரம், தாடை வரை வலி, நைட்டி நனைகிற அளவு வியர்வை. முதலில் போன இடத்தில் ஈசிஜி பார்த்துவிட்டு, கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். பொம்பளைக்கு நெஞ்சு வலித்தால் கேஸ்தான், வேறென்ன! அடுத்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ட்ரோபோனின், அதாவது இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடுகிற புரதம், ஏறியிருந்தது. உடனே ஆஞ்சியோ. டாக்டர் என் வீட்டுக்காரருக்குத் திரையில் காட்டியிருக்கிறார்: இடது பக்கப் பெரிய குழாய் நன்றாக வந்து, பாதியில் சட்டென்று மெலிந்து, வழவழவென்று நீளமாக ஓடுகிறது. குழாயின் சுவருக்குள் ரத்தம் கசிந்து தேங்கி, உள்வழியை நெருக்குகிறதாம். சட்டைக்கும் லைனிங்குக்கும் நடுவே தண்ணீர் புகுந்தது போல.

அதில் ஸ்டென்ட் வைக்கப் போனால் கம்பி தப்பான வழியில் நுழையலாம், கிழிசல் இன்னும் நீளலாம். விட்டுவிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே ஆறிவிடும். எனக்கு ஆறியது. உடனே "ஸ்டென்டே வேண்டாம்னு சொல்றியா?" என்று சண்டைக்கு வராதீர்கள். வலி நிற்காவிட்டால், பிரஷர் விழுந்தால், இடது பக்கக் குழாய்கள் கிளை பிரிவதற்கு முன்னால் இருக்கிற முதன்மைக் குழாயே கிழிந்திருந்தால் ஸ்டென்டோ பைபாஸோ செய்ய வேண்டி வரலாம். முதல் சில நாட்களில் கிழிசல் கூடலாம் என்பதால்தான் படுக்க வைத்துப் பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் கேட்டு அவசரப்படுத்தாதீர்கள்.

இதயத் துடிப்பையும் பிரஷரையும் தணிக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை பற்றிக் கேளுங்கள். மறுபடி வராமலிருக்க உதவும் என்று எனக்குக் கொடுக்கிறார்கள். கழுத்து, சிறுநீரக ரத்தக்குழாய்களுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். பணம் பிடுங்க இல்லை, அங்கேயும் குழாய்ச் சுவரில் கோளாறு இருக்கலாம். அக்கா இன்னொரு குழந்தைக்கு யோசித்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கனம் தூக்கக் கூடாது என்பார்கள். எங்கள் அபார்ட்மென்டில் கேன் போடுகிற பையன் மாடி ஏறமாட்டான். 20 லிட்டர் கேனை வாட்ச்மேன் ரூம் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான், மேலே கொண்டுவரத் தனிக்காசு. அசோசியேஷன் மீட்டிங்கில் சொன்னால், "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க மேடம்" என்கிறார் செக்ரட்டரி.