மலையேறிய கர்ணன்: வாசகர் கேள்வி–பதில்

1964 பொங்கலுக்கு வெளிவந்த ‘கர்ணன்’ பற்றி நீலகிரி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பி.ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் கர்ணனாகவும் என்.டி. ராமராவ் கண்ணனாகவும் அசோகன் துரியோதனனாகவும் நடித்த அதே படம்தான்.

கோத்தகிரி வாசகர்: எங்கள் ஊர்க் கோயில் சாமான் அறையில் ‘கர்ணன்’ 16 மி.மீ. பிரிண்ட் ஐந்து டப்பாக்களில் கிடைத்தது. டப்பாவைத் திறந்தால் புளித்த காடி வாசனை மூக்கைத் துளைக்கிறது. படமெல்லாம் செக்கச்செவேலென்று இருக்கிறது. திருவிழாவுக்கு ஓட்டிப் பார்க்கலாமா?

இப்போதைக்கு ப்ரொஜெக்டரில் மாட்ட வேண்டாம். அந்த வாசனையே நோய்க்குறி. அந்தக் காலத்து ஃபிலிமின் அடிப்பட்டை அசிட்டேட். ஈரம் ஏறினால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். அதாவது காடியைத்தான். வெளிவந்த அமிலம் சும்மா இருக்காது, மிச்சமுள்ள பட்டையையும் வேகமாகச் சிதைக்கும். மூடிய டப்பாவுக்குள் அடைந்து கிடந்தால் இன்னும் மோசம். ஒரு நல்ல செய்தி: பழைய நைட்ரேட் ஃபிலிமைப் போல இது குபீரென்று பற்றிக்கொள்ளாது.

முதலில் ஜன்னல் திறந்த அறையில் டப்பாக்களைத் திறந்து வையுங்கள். துருப்பிடித்த தகர டப்பாவை விட்டுக் காற்றுப் போகும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். வேறு நல்ல ஃபிலிம் இருந்தால் அதே அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள், அமில ஆவி அதையும் பிடிக்கும். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது சுருக்கத்தை அளப்பது. 16 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 40 கட்டம், அதாவது 40 தனித்தனிப் படங்கள். எனவே 100 கட்டத்தின் நீளம் 762 மி.மீ. இருக்க வேண்டும். மேசையில் இழுக்காமல் நேராகக் கிடத்தி, ஒரு துளையின் விளிம்பிலிருந்து நூறாவது கட்டம் தாண்டி வரும் துளையின் அதே விளிம்பு வரை அளங்கள். சுருளின் வெளிச்சுற்றில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை. 754-க்குக் கீழே போனால் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது. அதை ஓட்டக் கூடாது. ப்ரொஜெக்டரின் கொக்கி வந்து இறங்கும் இடத்தில் துளை இருக்காது. கொக்கி பட்டையைக் குத்தும், துளை கிழியும், கீழே விட்டிருக்கும் தொய்வு போய்ப் படம் குதிக்கும். ஒரு நிமிடத்துக்கு 36 அடி ஓடுகிற எந்திரம். நீங்கள் சுதாரிப்பதற்குள் பத்துப் பதினைந்து அடி நாசமாகியிருக்கும்.

படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலத்தின் மேல் சிலந்தி வலை மாதிரிப் பூசணம் தெரிந்தால் தண்ணீர் படவே கூடாது. பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படத்தோடு வழிந்துவிடும். நூல் பிரியாத மென்துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, ஒரே திசையில் துடையுங்கள். அறையில் நெருப்பு, ஹீட்டர் எதுவும் வேண்டாம்.

சிவப்பு வேறு கதை. அந்தக் கால ஈஸ்ட்மென் கலர் பிரிண்டில் மூன்று சாயங்கள். இருட்டில் வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது செம்மை. சமவெளியின் வெயிலோடு ஒப்பிட்டால் உங்கள் ஊர்க் குளிர் அதைத் தாமதப்படுத்தியிருக்கும். ஆக, மலையின் குளிர் ஃபிலிமுக்கு நண்பன், மலையின் ஈரம் எதிரி. கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். மாசி, பங்குனியின் காய்ந்த நாட்களில் திறந்து காற்றாட விடுங்கள்.

இந்தப் பிரிண்டுக்குப் பணம் செலவழிக்கலாமா என்றால், படம் அழிந்துபோகும் நிலையில் இல்லை. 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரையரங்குகளில் வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் உங்கள் பிரிண்டில் ஒரு தனி மதிப்பு உண்டு, அடுத்த பதிலில் சொல்கிறோம். ஸ்கேன் செய்வதானால் பல்சக்கரம் இல்லாமல் உருளைகளில் ஓடும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள். சுருங்கிய ஃபிலிமை அதுதான் கிழிக்காமல் இழுக்கும்.

அதே வாசகர்: அப்படியானால் டிஜிட்டல் பிரதியை மைதானத்தில் போட ஆசை. போன வருடம் வேறு படம் போட்டபோது பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்வது?

முதல் வேலை, திரையிடும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது. வீட்டில் பார்க்க வாங்கிய தட்டு பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. இரண்டாவது நேரம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மூன்று மணி நேரத்துக்குக் குறையாத படம், இடைவேளை வேறு. ஆறரைக்குத் தொடங்கினால்தான் கண்ணன் தானம் கேட்டு வரும் கட்டத்தில் போலீஸ்காரர் வந்து நிற்க மாட்டார்.

பனிமூட்டத்தில் கெடுவது திரையல்ல, ஒளி வரும் வழி. ப்ரொஜெக்டருக்கும் திரைக்கும் நடுவே 40 அடி மூட்டம் இருந்தால் ஒளி அங்கேயே சிதறிப் படம் பால்போல வெளுத்துவிடும். வழியைச் சுருக்குங்கள். குறுந்தூர ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுத்துத் திரைக்குப் பின்னாலிருந்து போடலாம். பின்புறம் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டிவிட்டால் மூட்டம் உள்ளே வராது. பின்னாலிருந்து போடும்போது மெனுவில் படத்தை இடவலமாகத் திருப்ப மறந்தால் எல்லோரும் இடக்கையால் அம்பு விடுவார்கள்.

குளிர்ந்த கொட்டகையில் வைத்திருந்த ப்ரொஜெக்டரைக் கூட்டம் நிறைந்த கூடத்துக்குக் கொண்டுபோனால் லென்ஸில் வேர்த்துவிடும். அரைமணி முன்பே கொண்டுவந்து பையைத் திறக்காமல் வையுங்கள், சூடு சமமான பிறகு வெளியே எடுங்கள்.

இப்போது அந்தத் தனி மதிப்பு. தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை வந்ததே 1973-இல், ‘ராஜராஜ சோழன்’ படத்தோடுதான். ‘கர்ணன்’ எடுத்தது கிட்டத்தட்ட 4:3 சதுரப்பாங்கான கட்டத்தில். 2012-இல் வந்தது அகலத்திரைப் பிரதி. அகலத்தைக் குறைக்காமல் அந்த வடிவத்துக்குக் கொண்டுவர உயரத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். புராணப் படத்தில் உயரம்தான் எல்லாம்: கிரீடம், கொடி, தேர்க்குடை, தூண். உங்கள் பிரிண்டில் அது முழுதாக இருக்கும். 4:3 பிரதி கிடைத்தால் பத்தடி அகலத்துக்கு ஏழரை அடி உயரத் திரை கட்டுங்கள். ‘முழுத்திரை’ என்று அமுக்கிப் பக்கவாட்டில் இழுத்தால் சிவாஜி மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்.

ஊட்டி வாசகர்: நம்ம ஊர் ஃபிலிம் தொழிற்சாலை ஃபிலிமில்தான் ‘கர்ணன்’ எடுத்தார்கள் என்று டீக்கடையில் பந்தயம். உண்மையா?

பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள். ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். ஆனால் உற்பத்தி ஆரம்பித்தது 1967-இல். அதுவும் கறுப்பு–வெள்ளை. ‘கர்ணன்’ அதற்கு மூன்று வருடம் முந்தியது, கலர் வேறு. தூசியில்லாத காற்றும் குளிரும் வேண்டும் என்றுதான் அந்த ஆலைக்கு மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது அது மூடிக் கிடக்கிறது.

மஞ்சூர் வாசகி: வியாச பாரதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். பல காட்சிகள் அங்கே இல்லவே இல்லை. பந்துலு கற்பனையா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் புரட்ட வேண்டிய புத்தகம் வேறு. படத்தின் உயிரான இடங்கள் வில்லிபுத்தூராரிடமிருந்து (சுருக்கமாக வில்லி) வந்தவை. வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் ஆதரவில் அவர் பாடிய பாரதம்தான் தமிழ்நாட்டுக் கூத்துக்கும் நாடக மேடைக்கும் கர்ணனைக் கொடுத்தது. மேடையிலிருந்து சினிமாவுக்கு எட்டிப்பிடிக்கும் தூரம்தானே.

துரியோதனன் மனைவியோடு கர்ணன் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருக்க, மணிகள் சிதற, உள்ளே வந்த நண்பன் சந்தேகப்படாமல் ‘எடுக்கவோ கோக்கவோ’ என்று கேட்கும் இடம் வியாசரிடம் கிடையாது. வில்லியில் உண்டு. ஆனால் அங்கே அது நேரடிக் காட்சி இல்லை. ‘என்னோடு வந்துவிடு’ என்று அழைக்கும் குந்தியிடம், தான் ஏன் வர முடியாது என்பதற்குக் காரணமாகக் கர்ணன் வாயால் சொல்லும் பழைய சம்பவம். அடுத்த மூச்சில் ‘செஞ்சோற்றுக் கடன் கழிப்பதுவே’ தனக்கு இனிப் புகழும் தருமமும் என்கிறான். படத்தில் கண்ணதாசன் பாட்டில் வரும் செஞ்சோற்றுக் கடனுக்கு ஊற்றுக்கண் இந்த இடம்தான். சினிமா செய்த காரியம், சொன்னதைக் கண்முன் நடத்திக் காட்டியது. அதனால் குந்தி வரும்போது நமக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை, மணிகள் உருண்டதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். வில்லியையே மிஞ்சிய இடமாக இதைச் சொல்லலாம்.

குந்தி வரம் கேட்பதும் அப்படித்தான். வியாசரில் அவள் கங்கைக் கரைக்குத் தானாகவே போகிறாள். அர்ச்சுனன் தவிர மற்ற நால்வரைக் கொல்ல மாட்டேன், உனக்கு எப்போதும் பிள்ளைகள் ஐவர்தான் என்று கர்ணனே வாக்குக் கொடுக்கிறான். நாகக்கணையை ஒரு முறைக்கு மேல் விடாதே என்று கேட்கிற குந்தி, அவளை அனுப்பி வைக்கிற கண்ணன், இரண்டும் வில்லியின் கை.

கடைசிக் கட்டத்தில்தான் பிரிவு பெரிது. வியாசரில் தேர்ச்சக்கரம் புதைந்து நிற்கும்போதே அர்ச்சுனனின் அஞ்சலிகக் கணை தலையைக் கொய்துவிடுகிறது. நடுவில் எந்த அந்தணரும் வருவதில்லை. தாங்கிய புண்ணியம் அவனைச் சாகவிடாமல் காப்பதும், கண்ணன் வேதியனாக வந்து அதையே யாசிப்பதும், ‘உதவினேன் கொள்க’ என்று அவன் தாரை வார்ப்பதும் தமிழில் வில்லி தந்தவை. போர்க்களத்தில் குந்தி வந்து ‘என் மகனே’ என்று அழுவதும் வியாசரில் இல்லை. அங்கே போர் முடிந்து நீர்க்கடன் செய்யும்போதுதான் உண்மையைத் தருமனிடம் சொல்கிறாள்.

நாகாஸ்திரக் காட்சியில் மட்டும் வியாசரும் படமும் கைகோக்கின்றன. குறி கழுத்துக்குச் சரியாக இல்லை, வேறு கணை தொடு என்று கர்ணனின் தேரோட்டி சல்லியன் சொல்வதும், கர்ணன் மறுப்பதும், கண்ணன் தேரை அழுத்த அர்ச்சுனனின் கிரீடம் மட்டும் போவதும் மூலத்திலேயே உள்ளவை. ஆனால் அங்கே சல்லியன் கோபித்துத் தேரை விட்டு இறங்கிப் போவதில்லை.

குன்னூர் பள்ளி ஆசிரியை: ஆண்டு விழாவில் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ காட்சியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நடிக்கிறார்கள். மார்பில் அம்பு தைத்திருப்பதை ஆபத்தில்லாமல் எப்படிக் காட்டுவது? அட்டைக் கிரீடம் ஒத்திகையிலேயே தொய்ந்துவிட்டது.

அம்பை உடம்பில் ஒட்டாதீர்கள், பலகையில் பொருத்துங்கள். 8 அங்குல உயரம், 6 அங்குல அகலத்தில் 3 மி.மீ. பிளைவுட் துண்டு. அம்புக்கு 14 அங்குல மூங்கில் குச்சி போதும். முழு அம்பு வேண்டியதில்லை, மீதி உடம்புக்குள் போய்விட்டதாகத்தானே அர்த்தம். குச்சியின் அடியில் முதலில் சிறு துளை போட்டுக்கொண்டு, பலகையின் பின்பக்கமிருந்து திருகாணியை ஏற்றுங்கள். துளை போடாமல் ஏற்றினால் மூங்கில் பிளந்துவிடும். திருகாணித் தலையை மூடி அரை அங்குல ஃபோம் ஒட்டுங்கள். ஸ்கூல் பையைப் போல இரண்டு வார் தைத்து, விளக்கணைத்த இடைவெளியில் மாட்டிவிட வேண்டும். மூன்று அம்பு போதும். எல்லாம் பையனின் இடப்பக்கமாக இருக்கட்டும், கண்ணன் வலப்பக்கமிருந்து வந்து குனிவார். இல்லையென்றால் கண்ணன் கண்ணில் குத்தும். வானிலிருந்து இறங்கி வந்த அம்பு என்பதால் வால் கொஞ்சம் மேல்நோக்கி இருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

ரத்தத்துக்குக் குங்குமக் கரைசல் வேண்டாம், மேடை விரிப்பு போய்விடும். ஆரத்தித் தண்ணீர்தான்: 100 மி.லி. தண்ணீரில் ஒரு டீஸ்பூன் மஞ்சள், நுனிவிரல் சுண்ணாம்பு. சுண்ணாம்பு கூடினால் தோல் எரியும், ஆகவே துணியில் நனையட்டும், தோலில் வேண்டாம். துவைக்கும்போது சோப்பு பட்டதும் கறை இன்னும் சிவக்கும். பயப்பட வேண்டாம், அது மஞ்சளின் குணம். வெயில் பட்டால் வெளுக்கும்.

கிரீடத்துக்கு அட்டை, சமவெளிக்குச் சரி. குன்னூர் மூட்டத்தில் அட்டை ஈரம் குடித்துத் தொங்கும். 5 மி.மீ. ஃபோம் ஷீட்டில் வெட்டுங்கள். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆகும் உங்கள் ஊரில். அவசரப்பட்டால் மேடையில் பிரியும். தங்க வண்ணம் அடித்து ஒரு முழு நாள் காயட்டும். எடை 300 கிராமுக்குள் நிறுத்தி, தாடைக்கு எலாஸ்டிக் கட்டுங்கள். டிசம்பர் விழா என்றால் பையனை வெற்று மார்போடு உட்கார வைக்காதீர்கள், தோல் நிறத்தில் முழுக்கை பனியன் கிடைக்கும்.

பாட்டைச் சீர்காழி கோவிந்தராஜன் சுருதியில் பாடவைத்துத் தொண்டையைக் கெடுக்க வேண்டாம். சக்கரவாகத்தின் சோகம் ராகத்தில்தான் இருக்கிறது, உச்சத்தில் இல்லை.

கூடலூர் வாசகர்: படத்தில் கண்ணனுக்குத் தமிழ்க் குரல் என்.டி.ஆருடையதா?

இல்லை. கே.வி. சீனிவாசன் குரல் கொடுத்தார்.

பைக்காரா வாசகர்: போர்க்களக் காட்சிகளை எங்கள் பக்கத்துப் புல்வெளியில் எடுத்ததாகச் சொல்கிறார்களே?

போரைக் குருட்சேத்திரத்திலேயே போய் எடுத்தார்கள். தேர் ஓட்டச் சமதரையும் இறுகிய மண்ணும் வேண்டும். உங்கள் புல்வெளியின் சதுப்பில் தேரை இறக்கியிருந்தால், பதினேழாம் நாள் வரை காத்திருக்காமல் முதல் நாளே எல்லார் சக்கரமும் புதைந்திருக்கும்.