உங்க பேய் வசனம் பேசறத நிறுத்தட்டும்

நீங்க எழுதின காமெடிப் பேய்க் கதைல பேய் மூணு பக்கம் ஜோக் அடிக்குது, படிச்ச ஃப்ரெண்ட்ஸ் யாரும் சிரிக்கல, பயப்படவும் இல்லன்னு போட்டிருந்தீங்கல்ல, கதைய ரெண்டு தடவ படிச்சேன். உங்க பெங்களூர் அல்சூர் ஏரியா பேய்க்கு, தான் ஒரு காமெடி பீஸுன்னு தெரிஞ்சிருக்கு, அதான் பிரச்சனை. அது சீரியஸாவே இருக்கணுங்க.

நம்ம பெங்களூர்லயே உதாரணம் இருக்கே. 1990கள்ல, ராத்திரி பேய் வந்து தெரிஞ்சவங்க குரல்ல கூப்பிட்டு கதவ தட்டும்னு ஒரு வதந்தி, அதுக்கு ஜனங்க என்ன பண்ணாங்கன்னா வீட்டு வாசல்ல ‘நாளே பா’ன்னு கன்னடத்துல எழுதி வெச்சாங்க, நாளைக்கு வான்னு அர்த்தம். பேய் படிச்சிட்டு போயிடும், மறுநாள் வந்தா மறுபடியும் நாளைக்கு. கடன்காரன அனுப்புற அதே டெக்னிக்! இதுல ஒரு ஜோக் வசனம் கூட இல்ல பாருங்க, எழுதினத அப்படியே நம்புற பேய், அவ்ளோதான்.

உங்க கதைல செத்துப்போன பழைய டெனன்ட் தானே பேய்? அப்ப பழிவாங்கல்லாம் வேணாம், பேய்க்கு அதோட 10 மாச வாடகை அட்வான்ஸ் திரும்பி வரணும், ஓனர் பெயின்ட்டிங் சார்ஜ் கழிச்சிட்டுதான் தருவேங்கிறாரு. நான் வீடு காலி பண்ணப்ப ஆணி அடிச்ச ஓட்டைக்கு ஒரு மாச வாடகை போச்சு, உயிரோட இருக்கிற எனக்கே அந்த கதி. ஓனர் கை நடுங்க கணக்கு நோட்ட எடுத்து, ‘சுவத்துல ரத்தக்கறை வேற இருக்கேப்பா, அதுக்கு ரெண்டு கோட்டு’ன்னு சொல்லட்டும்.

அப்புறம் அந்த மல்லிப்பூ வாசன, கொலுசு சத்தம் ரெண்டையும் தூக்கிடுங்க, ரொம்பப் பழசு. வாடகை வீட்டுப் பேய்க்கு சாவிக்கொத்து சத்தமே போதும். மாத்திட்டு போடுங்க, படிக்கிறேன்.