எல்லை தாண்டும் ட்ரக்: சுங்கப் பதிவும் மனிஃபெஸ்டும் – வாசகர் கேள்விகள்

கனடா – அமெரிக்கா எல்லையில் ஒன்றிரண்டு ட்ரக்குடன் தொழில் நடத்துவோரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறோம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எல்லைப் பாலத்தில் வண்டி நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் யார்டில், லோட் ஏற்றிய அன்றே உருவாகிவிடுகிறது. மனிஃபெஸ்டில் (சுங்கத்துக்கு முன்கூட்டியே அனுப்பும் சரக்குப் பட்டியலில்) நீங்கள் எழுதியது, புரோக்கர் (இறக்குமதியாளருக்காகச் சுங்க வேலை பார்க்கும் முகவர்) சுங்கத்துக்கு அனுப்பியது, சாரதியின் கையில் இருப்பது ஆகிய மூன்றிலும் இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். கீழுள்ள பதில்களில் பாதி இந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடிய ட்ரக் ஒன்று இருக்கிறது. இனி அமெரிக்கா போக வேண்டும். எந்தப் பதிவுகள் தேவை? எதை முதலில் எடுப்பது?

வீதிப் பதிவு வேறு, சுங்கப் பதிவு வேறு. ஒன்றை முடித்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று நினைத்துப் பாலத்துக்குப் போய்விடுகிறார்கள்.

வீதிப் பக்கத்தில் யு.எஸ்.டொட் இலக்கம் (அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் நிறுவனத்துக்குக் கொடுக்கும் இலக்கம்) வேண்டும். வாடகைக்குச் சரக்கு ஏற்றினால் இயக்க அதிகாரமும் வேண்டும். ஓடும் மாநிலங்களில் உங்கள் சார்பில் சட்ட அறிவித்தல்களைப் பெறும் முகவரைப் பி.ஓ.சி.-3 படிவத்தில் காட்ட வேண்டும். யு.சி.ஆர். என்ற, மாநிலங்களுக்கிடையே ஓடும் நிறுவனங்களுக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுதோறும் வரும். பொதுச் சரக்குக்குக் குறைந்தது 750,000 டொலர் பொறுப்புக் காப்புறுதி. பல மாகாண, மாநிலங்களில் ஓடுவதற்கான ஐ.ஆர்.பி. இலக்கத் தகடும் இஃப்டா எரிபொருள் வரிப் பதிவும் கூடவே. சாரதிகள் அமெரிக்க விதிப்படியான போதைப்பொருள், மதுப் பரிசோதனைத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். புதிய நிறுவனத்தை முதல் 18 மாதம் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். அந்தக் காலத்துக்குள் பாதுகாப்புத் தணிக்கை வரும். ஆகவே முதல் நாளிலிருந்தே பதிவேடுகளைச் சரியாக வைத்திருங்கள்.

சுங்கப் பக்கத்தில் இரண்டு குறியீடுகள். ஒன்று, எல்லோரும் ‘ஸ்காக்’ என்று சொல்லும் இரண்டு முதல் நான்கு எழுத்துக் குறியீடு. அமெரிக்காவின் தேசிய மோட்டார் சரக்குப் போக்குவரத்துச் சங்கம் கொடுப்பது. இதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் ஒருநாள் மனிஃபெஸ்ட் ஏறாது, காரணம் தேடி அரைநாள் போகும். மற்றது கனடா எல்லைச் சேவை முகமை கரியருக்கு (சரக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனத்துக்கு) தரும் நான்கு இடக் கரியர் கோட். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருப்பதுமில்லை. தெற்கே போகும்போது ஸ்காக், வடக்கே வரும்போது கரியர் கோட்.

வரிசை இப்படி இருந்தால் இடறாது: வணிக இலக்கம், பிறகு யு.எஸ்.டொட், பிறகு ஸ்காக், அதன் பின் அமெரிக்கச் சுங்கத்துக்கு மனிஃபெஸ்ட் அனுப்பும் ‘ஏஸ்’ கணினி முறையில் கணக்கு. கனடாக் கரியர் கோட்டுக்குப் பக்கத்திலேயே விண்ணப்பித்துவிடலாம். எல்லாவற்றிலும் நிறுவனப் பெயர் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். ஒரு படிவத்தில் ‘இன்க்.’ இருந்து மற்றதில் இல்லாவிட்டால் அதுவே தாமதத்துக்குப் போதும். மனிஃபெஸ்ட் அனுப்ப இரண்டு நாட்டுச் சுங்கத்திடமும் இலவச இணையத்தளம் உண்டு. கிழமைக்கு நாலைந்து லோட் என்றால் அது போதும், மென்பொருளுக்கு உடனே காசு கட்ட வேண்டாம்.

அமெரிக்கச் சுங்கத்தின் பயனர் கட்டணத்தை மறக்க வேண்டாம். ஒவ்வொரு நுழைவுக்கும் தனியாகக் கட்டலாம், அல்லது ட்ரக் ஒவ்வொன்றுக்கும் ஆண்டு ட்ரான்ஸ்பொண்டர் (கண்ணாடியில் ஒட்டும் மின்னணு வில்லை) வாங்கலாம். அது நாட்காட்டி ஆண்டுக்கு உரியது. நவம்பரில் முழு ஆண்டுக் கட்டணம் கட்டுவது வீண்.

கேள்வி: பாப்ஸ் இலக்கத்தை (அமெரிக்காவுக்குள் போகும் சரக்குக்கு ஒட்டும் ஸ்டிக்கரிலுள்ள இலக்கம்) புரோக்கருக்கு நேரத்தோடு அனுப்பினோம். டெட்ராய்ட் பக்கம் போனதும் “என்ட்ரி இல்லை” என்று சாரதியை ஓரங்கட்டிவிட்டார்கள். புரோக்கரோ தான் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். யார் பக்கம் பிழை?

நீங்கள் மனிஃபெஸ்டையும் புரோக்கர் என்ட்ரியையும் (சுங்கத்துக்கான இறக்குமதி அறிக்கையையும்) அனுப்பியிருப்பீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். கணினி உங்கள் மனிஃபெஸ்டிலுள்ள சரக்கு இலக்கத்தையும் புரோக்கரின் என்ட்ரியில் உள்ளதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. அது எங்கே குழம்பும் என்று பாருங்கள்.

முதலாவது, ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தும் சுழியமும். மங்கலான ஸ்கானைப் பார்த்துத் தட்டச்சிடும்போது இது நடக்கும். ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பினால், இலக்கத்தை மின்னஞ்சலிலும் எழுத்தாகப் போடுங்கள். இரண்டாவது, ஸ்காக் இரண்டு முறை விழுவது. சில மென்பொருள்கள் ஸ்காக்கைத் தாமாகவே முன்னால் சேர்க்கும். அது தெரியாமல் முழு இலக்கத்தையும் இட்டால் நாலெழுத்து இரண்டு தடவை வந்துவிடும். மூன்றாவது, பாப்ஸுக்குப் பதில் பார்ஸ் ஸ்டிக்கர் ஒட்டுவது. பாப்ஸ் அமெரிக்காவுக்குள் போக, பார்ஸ் கனடாவுக்குள் வர. இரண்டு ஸ்டிக்கர் சுருளையும் ஒரே லாச்சியில் வைக்காதீர்கள்.

நாலாவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது: எண்ணிக்கை. நீங்கள் ‘22 பலெட்’ என்று எழுதுவீர்கள். புரோக்கர் இன்வொய்ஸைப் பார்த்து ‘480 பெட்டி’ என்று கொடுப்பார். என்ட்ரியின் எண்ணிக்கை மனிஃபெஸ்டை விடக் கூடினால் பிரச்சினை வரும். சரக்கின் ஆகச் சிறிய வெளிப்பொதியை எண்ணி எழுதுவதுதான் முறை. பலெட்டில் பெட்டிகள் இருந்தால் பெட்டிகளை எண்ணுங்கள்.

மனிஃபெஸ்ட் குறைந்தது 1 மணி நேரம் முன்பாகப் போயிருக்க வேண்டும். ஃபாஸ்ட் (நம்பகமானவர்களுக்கான விரைவு வழித்தடத் திட்டம்) லோட் என்றால் 30 நிமிடம். ஆனால் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. ஏஸ் திரையில் ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே என்ட்ரி சேர்ந்துவிட்டதா என்பது தெரியும். அதை டிஸ்பாச்சர் (அலுவலகத்திலிருந்து வண்டிகளை அனுப்புபவர்) கண்ணால் பார்த்த பிறகே சாரதிக்குப் ‘போ’ என்று சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் லண்டனிலோ வுட்ஸ்டொக்கிலோ ட்ரக் ஸ்டொப்பில் நிற்கும்போதே பிழை தெரிந்தால் ஒரு கோப்பியோடு போகும். பாலம் ஏறிய பின் தெரிந்தால் திரும்பி வரவும் வேண்டிவரும், அப்போது கனடாச் சுங்கத்திலும் நின்று சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். மனிஃபெஸ்ட் விதிமீறலுக்கு அமெரிக்கச் சட்டத்தில் தண்டம் முதல் தடவை 5,000 டொலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 10,000 டொலர்.

கேள்வி: பீஸ் பிரிட்ஜில் நெரிசல். சாரதி லூயிஸ்டன் பாலத்துக்குத் திரும்பலாமா?

தெற்கே போகும்போது வேலை சுலபம். அமெரிக்கப் பக்கத்தில் இரண்டு பாலமும் பஃபலோ – நயாகரா நுழைவுத் துறைக்குள் வருகின்றன, துறைக் கோட் 0901. வடக்கே வரும்போது அப்படியில்லை. பீஸ் பிரிட்ஜின் கனடாப் பக்கமான ஃபோர்ட் எரி 0410, லூயிஸ்டன் பாலத்தின் கனடாப் பக்கமான குயின்ஸ்டன் 0427. அலுவலகம் வேறாகிறது, ஆகவே மனிஃபெஸ்டிலும் மாற்ற வேண்டும், புரோக்கருக்கும் சொல்ல வேண்டும். பஃபலோவுக்குப் பதில் டெட்ராய்ட் என்றால் அமெரிக்காவிலும் கோட் மாறும், 3801. சாரதி பாலத்தைத் தானே முடிவு செய்யாமல், திரும்புமுன் டிஸ்பாச்சுக்கு அழைக்கும் பழக்கம் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் கரியர் கோட் பொண்ட் (சுங்கத்திடம் வைக்கும் பிணை) இல்லாதது. வாடிக்கையாளர், “எல்லையில் கிளியர் பண்ண வேண்டாம், மிசிசாகா சஃபரன்ஸ் வேர்ஹவுஸுக்குக் (சுங்கம் விடுவிக்காத சரக்கை வைக்கும் கிடங்குக்கு) கொண்டுவாருங்கள்” என்கிறார். முடியுமா?

முடியாது. பொண்ட் இல்லாத கரியர் கொண்டுவரும் சரக்கு நுழையும் எல்லையிலேயே விடுவிக்கப்பட வேண்டும். விடுவிக்காத சரக்கை உள்நாட்டுக் கிடங்குக்கு நகர்த்தப் பொண்ட் உள்ள கரியர் கோட் வேண்டும். இந்தக் கோரிக்கை அடிக்கடி வருமானால் பொண்ட் எடுப்பது பற்றி யோசியுங்கள். வேறொருவரின் பொண்ட் கோட்டை ‘கொஞ்சம்’ பாவிக்க ஒருபோதும் உடன்படாதீர்கள். அந்தக் கோட்டில் வரும் ஒவ்வொரு தண்டமும் அவர் பெயரில் போகும், பொய் அறிக்கை உங்கள் பெயரில் நிற்கும்.

பார்ஸ் லோடுக்கும் இதே கண்டிப்பு. சரக்குக் கட்டுப்பாட்டு இலக்கம் உங்கள் கரியர் கோட்டில் தொடங்கும். ஒருமுறை பாவித்த இலக்கத்தை உடனே மறுபடி பாவிக்க முடியாது, நடப்பு ஆண்டும் அதன் பின் மூன்று ஆண்டும் விலக்கி வைக்க வேண்டும். கடைசியாகப் பாவித்த இலக்கத்தை எழுதிவைக்க ஒரே ஒரு பட்டியல், ஒரே ஒருவர் பொறுப்பு. இரண்டு பேர் இரண்டு கொப்பியில் எழுதும் இடத்தில்தான் இலக்கம் இரட்டிக்கிறது. மனிஃபெஸ்ட் கனடாவுக்கும் 1 மணி நேரம் முன்னதாக வேண்டும்.

கேள்வி: மனிஃபெஸ்ட், பார்ஸ் எல்லாம் சரி. ஆனால் புரோக்கரின் விடுவிப்பு விண்ணப்பம் திரும்பி வந்தது. “இறக்குமதியாளருக்குப் பிணை இல்லை” என்கிறார்கள். எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சட்டப்படி உங்களுடைய பிழையில்லை. ஆனால் வண்டி உங்களுடையது, மணித்தியாலமும் உங்களுடையது. 2024 ஒக்டோபர் 21 இல் கனடாவில் இறக்குமதி வரிக் கணக்குகளுக்கான ‘கார்ம்’ இணைய முறை வந்தது. அதற்கு முன் சிறிய இறக்குமதியாளர்கள் புரோக்கரின் பிணையிலேயே சரக்கை எடுத்தார்கள். இப்போது வரி கட்டுமுன் சரக்கு எடுக்க வேண்டுமானால் இறக்குமதியாளர் தாமே கார்ம் தளத்தில் பதிந்து தம் சொந்தப் பிணையை வைக்க வேண்டும். இடைக்காலச் சலுகை 2025 மே 20 உடன் முடிந்தது.

புதிய வாடிக்கையாளரின் லோடை ஏற்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கார்மில் உங்கள் பிணை நடைமுறையில் இருக்கிறதா?” பதில் தடுமாறினால் புரோக்கர் உறுதிப்படுத்தும் வரை ட்ரெய்லரை அமெரிக்காவிலிருந்து நகர்த்தாதீர்கள். மேலே சொன்ன பொண்ட் இல்லாத கரியராகவும் நீங்கள் இருந்தால் உள்நாட்டுக் கிடங்கு என்ற மாற்று வழியும் கிடையாது. தடுத்துவைப்புக் கட்டணம் யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்காபரோவிலிருந்து நியூ ஜேர்சியிலுள்ள தமிழ்க் கடைகளுக்கு அரிசி, மிளகாய்த்தூள், மாசிக் கருவாடு கொண்டுபோகிறோம். வேறென்ன வேண்டும்?

உணவுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். வீதி வழியானால் எல்லைக்கு வருமுன் குறைந்தது 2 மணி நேரம். மனிஃபெஸ்டின் 1 மணி நேரத்தோடு இதைக் குழப்பாதீர்கள். உறுதி இலக்கம் சாரதியிடம் இருக்கட்டும். பதப்படுத்திய உணவுக்குத் தயாரித்த ஆலையின் பதிவு விவரமும் கேட்பார்கள். கனடா இறக்குமதியாளரிடம் அது கையில் இருக்காது, ஆகவே முதல் லோடுக்கு ஒரு கிழமை முன்பே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கனடாவிலிருந்து போனாலும் மிளகாய்த்தூள் பிறந்த நாடு இலங்கை அல்லது இந்தியாதான். வெறுமனே கனடா வழியாகப் போவதால் வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கையின் வரிச் சலுகை கிடைக்காது. பலெட்டையும் குனிந்து பாருங்கள். கனடா, அமெரிக்க மரத்துக்கு இருநாட்டுக்கிடையே விலக்கு உண்டு. கொழும்பிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ கொள்கலனில் வந்த பலெட்டிலேயே சரக்கு தொடர்ந்து போனால் மரத்தில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்க வேண்டும். மரத்தை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியோ புகையூட்டியோ பதப்படுத்தியதற்கான அடையாளம் அது. முத்திரை இல்லையென்றால் யார்டிலேயே கனடாப் பலெட்டுக்கு மாற்றுவதுதான் மலிவு.

கேள்வி: சாரதியிடம் ஃபாஸ்ட் அட்டை இருக்கிறது. ஏன் அந்த வழித்தடத்தில் விடவில்லை?

அட்டை மூன்றில் ஒரு பங்குதான். அமெரிக்காவுக்குள் போகும்போது கரியரும் இறக்குமதியாளரும் சி-டீபாட் என்ற அமெரிக்கச் சுங்கப் பாதுகாப்புத் திட்டத்தில் இருக்க வேண்டும், ட்ரெய்லரில் தகுதியில்லாத சரக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. கலந்து ஏற்றும் லோடில் ஒரே ஒரு பெட்டி முழு வண்டியையும் சாதாரண வரிசைக்கு அனுப்பிவிடும். இன்னொன்று: நிரந்தர வதிவாளராக இருந்து இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சாரதிக்கு அமெரிக்க விசா வேண்டும். ஃபாஸ்ட் அட்டை விசாவாகாது.

கேள்வி: சிகாகோவில் இறக்கிவிட்டு, அங்கே ஒரு லோட் ஏற்றி கிளீவ்லாந்தில் இறக்கலாமா? வழியில்தானே?

கூடாது. அமெரிக்காவுக்குள் ஏற்றி அமெரிக்காவுக்குள் இறக்குவது கனடாச் சாரதிக்குத் தடை. சாரதியின் நுழைவே ரத்தாகலாம். பல இடத்தில் இறக்கலாம், கனடாவுக்குப் பல இடத்தில் ஏற்றலாம். வெறும் ட்ரெய்லரை அங்கே இடம் மாற்றுவதானால், அது அவர் கொண்டுவந்த ட்ரெய்லராகவோ திரும்பக் கொண்டுபோகும் ட்ரெய்லராகவோ இருக்க வேண்டும்.

கேள்வி: மெக்சிகோ போகும் சரக்கை அமெரிக்க எல்லை நகரான லரேடோ வரை இன்-பொண்டில் (அமெரிக்க வரி கட்டாமல், பொண்டின் பேரில்) கொண்டுபோனோம். மாதங்களுக்குப் பிறகு தண்ட அறிவித்தல் வந்திருக்கிறது.

சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும், பொண்டை யாரும் மூடியிருக்க மாட்டார்கள். வீதி வழி இன்-பொண்டுக்குப் பயணக் காலம் 30 நாள். சேருமிடத் துறைக்கு வந்ததும் 2 வேலை நாளுக்குள் வருகையை மின்னணு வழியில் அறிவிக்க வேண்டும், ஏற்றுமதியானதையும் தனியாக அறிவிக்க வேண்டும். சாரதி கிடங்கில் கையெழுத்து வாங்கியது சுங்கக் கணினிக்குத் தெரியாது. பொண்ட் உங்களுடையதானால் பொறுப்பும் உங்களுடையதே. ஏற்றுமதிச் சான்றை இப்போதே தேடி எடுத்து, அறிவித்தலில் உள்ள தவணைக்குள் தண்டக் குறைப்புக்கு மனுச் செய்யுங்கள். இனி ஒவ்வொரு இன்-பொண்ட் இலக்கத்தையும் மூடும் வரை சுவரில் எழுதி வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவுக்குப் போகும் 800 டொலருக்குக் குறைந்த பொதிகளை வரியில்லாமல் மனிஃபெஸ்டிலேயே விடுவித்து வந்தோமே?

2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை எல்லா நாட்டுச் சரக்குக்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது என்ட்ரி வேண்டும், வரியும் உண்டு.

கேள்வி: அதிகாரி ட்ரெய்லர் சீலை வெட்டித் திறந்து பார்த்தார். வாங்குபவர் லோடை ஏற்க மறுக்கிறார்.

வெட்டிய இடத்திலேயே செய்ய வேண்டியவை: புதிய ஐ.எஸ்.ஓ. 17712 தரச் சீல் பூட்டுவது, பழைய இலக்கம், புதிய இலக்கம், இடம், நேரம் நான்கையும் பில் ஒஃப் லேடிங்கில் (சரக்குச் சீட்டில்) எழுதுவது, அதிகாரியின் குறிப்போ முத்திரையோ கிடைத்தால் பெறுவது, வெட்டிய சீலையும் பூட்டிய சீலையும் படமெடுத்து உடனே டிஸ்பாச்சுக்கு அனுப்புவது. டிஸ்பாச் அதை வண்டி போய்ச் சேருமுன் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் செய்தி இறக்குமிடத்துக் கதவடியில் வந்தால் எவரும் சந்தேகப்படுவார்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாரதி சீலைப் பார்த்து, இலக்கத்தைத் தாளோடு ஒப்பிட்டு, கீழே இழுத்து, முறுக்கிப் பார்க்க வேண்டும். ஒட்டுப் போட்ட சீல் பார்வைக்கு முழுதாகவே இருக்கும், முறுக்கினால்தான் கழன்று வரும். கபினில் மேலதிகமாக இரண்டு சீல் வையுங்கள், இலக்கங்களை அலுவலகப் பதிவேட்டில் அந்தச் சாரதி பெயரில் எழுதிக்கொடுங்கள்.