ஏபிஎஸ் பைக்கில் பிரேக் பிளீடிங்: வீட்டிலேயே செய்யலாமா, டீலரிடம் போக வேண்டுமா?

பிளீடிங் என்றால் பிரேக் குழாயில் புகுந்த காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றுவது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். மூடிய தண்ணீர் பாட்டிலை அழுத்திப் பாருங்கள்: நிறைந்திருந்தால் விறைப்பாக நிற்கும், பாதி காலி என்றால் உள்ளே போகும். காற்று புகுந்த லிவரும் அப்படித்தான் பொதபொதவென்று இருக்கும்.

வெறும் ஆயில் மாற்றத்துக்கு டீலரிடம் காசு கொடுப்பது வீண் என்பேன். ஸ்பேனர், டியூப், புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் போதும்; ஆயில் கப் மட்டும் வற்றவே கூடாது. வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) காற்று போய்விட்டால் கதை வேறு. அங்குள்ள சில வால்வுகள் சாதாரணமாக மூடியே இருக்கும். பல பைக்குகளில் அவற்றை இயக்கிக் காற்றை வெளியேற்ற டீலரின் ஸ்கேன் கருவி வேண்டும்.

அப்புறம், டாட் 5 என்பது டாட் 4-இன் மேம்பட்ட வடிவம் அல்ல. அது சிலிக்கோன் ஆயில், இரண்டையும் கலக்கக் கூடாது.