வாசகர் கேள்வி - பதில்: வீட்டிலேயே கார் பாடி மாற்றலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் வீட்டில் நிற்கிறது. இன்ஜின் நன்றாக இருக்கிறது, பாடிதான் தரையோடு சேர்த்து அரித்துப் போய்விட்டது. எனக்கு வெல்டிங் தெரியும், சொந்தமாக மிக் மெஷினும் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் வெல்டிங் மெஷின்) இருக்கிறது. பழையதைக் கழற்றிவிட்டு நானே வேறு வடிவத்தில் ஒரு பாடி செய்து உட்கார வைக்கலாமா சார்?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பாடி மாற்றுவதற்குத் தோதான வண்டிதான் உங்களுடையது. இன்ஜின், அச்சு, ஸ்பிரிங் பட்டை எல்லாம் கீழே இருக்கும் சேஸிஸில், அதாவது ஏணி வடிவ இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன, பாடி அதன் மேல் ரப்பர் புஷ் (அதிர்வு தாங்கும் ரப்பர் துண்டு) வைத்து போல்ட் போட்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் "வேறு வடிவத்தில்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கை விரிப்பதற்கும் இதே காரணம் போதும். ஆகவே கம்பெனி கொடுத்த அதே வடிவத்தில் புதுப் பாடி செய்யுங்கள். அதற்கும்கூட வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து, வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் பேசிவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். நிறையப் பேர் பழைய பாடியை அளந்து புதியதை வெட்டுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். நாற்பது வருடத்தில் அது தொங்கியிருக்கும், முறுக்கியிருக்கும், எப்போதோ ஒரு மரத்தில் இடித்து யாரோ நிமிர்த்தியிருப்பார்கள், அந்தக் கோணல் எல்லாம் அப்படியே புதியதற்கும் வந்துவிடும். அளவை சேஸிஸில் இருந்து எடுங்கள். பாடியைத் தூக்கியபின் வண்டியைச் சமதரையில் நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி, பாடி போல்ட் இறங்கும் ஒவ்வொரு மவுண்ட் துளையில் இருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் குறுக்குமறுக்காக, முன் இடதில் இருந்து பின் வலதுக்கும், முன் வலதில் இருந்து பின் இடதுக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சென்டிமீட்டர் கணக்கில் வித்தியாசம் வந்தால் சேஸிஸே கோணல் என்று அர்த்தம், அதை நேராக்காமல் மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் கதவு சேராது. சுத்தியலால் சேஸிஸை நெடுகத் தட்டியும் பாருங்கள், நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தை மட்டும் கிரைண்டரால் தொட்டுவிடாதீர்கள், அது அழிந்தால் வண்டிக்கு அடையாளமே இல்லை!

பாடியைத் தூக்கும் முன் ஒயர், பிரேக் பைப், ஆக்சிலேட்டர் கேபிள் எல்லாவற்றுக்கும் சீட்டு கட்டி போட்டோ எடுத்துவிடுங்கள். பிரேக் பைப்பை எப்படியும் புதிதாகப் போடுங்கள், இவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டும் சந்தர்ப்பம் இன்னொரு தரம் வராது. டீசல் டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் வெல்டிங் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: தகட்டில் வெல்டிங் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடுகிறது. என்ன செய்வது?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: நீங்கள் ஒரே இழுப்பில் நீளமாகப் போடுகிறீர்கள். 18 கேஜ் தகடு 1.2 மி.மீ.தான், சூடு ஓரிடத்தில் சேர்ந்தால் நெளியத்தான் செய்யும். 0.8 மி.மீ. வெல்டிங் கம்பியில், முதலில் சுற்றிலும் புள்ளி புள்ளியாக டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டிங்) வைத்துக்கொண்டு, இங்கே ஒன்று, ஒரு சாண் தள்ளி ஒன்று, மறுபடி எதிர்ப்பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போய் இடைவெளியை நிரப்புங்கள். கை வைத்துப் பார்த்து ஆறியபின்தான் அடுத்தது. தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள். டேக் நிலையிலேயே கதவையும் பானட்டையும் மாட்டி இடைவெளி பாருங்கள், முழு வெல்டிங் முடித்தபின் திருத்துவது பெரும்பாடு. கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) தகடாக இருந்தால் வெல்டிங் போடும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அந்தப் புகையை இழுத்தால் காய்ச்சல் வரும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு மறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் மட்டும் வேலையைத் தொடங்க வேண்டாம், தடிமனான பட்டி வெடித்து விழும்.

கேள்வி: மாருதி 800-க்கும் இப்படிப் பாடி மாற்றலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: முடியாது. அதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் இந்த வகைதான். கூரையையோ தூணையோ அறுத்தால் வண்டியின் பலமே போய்விடும். ஜிப்ஸி, பொலேரோ, சுமோ இவையெல்லாம் சேஸிஸ் வண்டிகள்.

கேள்வி: அமெரிக்காவில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை மணலில் ஓடும் பக்கியாக (திறந்த சின்ன வண்டியாக) மாற்றுகிறார்களே, அது எப்படி?
(வாசகர், கோவை)

பதில்: எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர், படகு கட்டத் தெரிந்தவர், 1964-ல் ஃபைபர்கிளாஸில் செய்த 'மேயர்ஸ் மேங்க்ஸ்' வண்டிதான் இதற்கு வழிகாட்டி. பீட்டிலின் தரைத்தட்டு தனியாகவும் பாடி அதன்மேல் சுற்றிலும் போல்ட் போட்டும் இருக்கும், கழற்றினால் ஓடக்கூடிய ஒரு பலகை மாதிரி மிஞ்சும். அந்தத் தட்டை ஏறக்குறைய 36 செ.மீ. நடுவில் வெட்டிக் குறுக்கி, மறுபடி நேராக ஒட்டவைத்து, மேலே ஃபைபர் தொட்டியை உட்கார வைத்தார்கள். எடை குறைந்ததால் மணலில் பறந்தது. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பாலைவனத்தில் 1967-ல் நடந்த மெக்சிகன் 1000 பந்தயத்தில் ஜெயித்ததும் ஒரு மேங்க்ஸ்தான். ஆயிரக்கணக்கானவர்கள் கிட் (பாகங்கள் அடங்கிய தொகுப்பு) வாங்கி வீட்டு ஷெட்டிலேயே கட்டினார்கள். அங்கேயும் கஷ்டமான வேலை அந்த ஒரு வெட்டுதான், அது கோணலாகிவிட்டால் நான்கு சக்கரமும் ஒரே திசையில் போகாது.

நம் ஊரில் இதைச் செய்து ரோட்டில் ஓட்ட முடியாது. சொந்தத் தோட்டத்துக்குள், ரேஸ் டிராக்கில் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் ரோல் கேஜும் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) நான்குமுனை சீட் பெல்ட்டும் போட்டபிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள்.